‘வான்தானே, சட்டமெல்லாம் லொறிக்குத்தான்’ என்ற பேச்சு இனிச் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

ஐரோப்பிய நாடுகளில் வான் சாரதி வேலை என்ற விளம்பரங்கள் அண்மைக் காலமாக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் பெருகி வருகின்றன. பஸ் நிலையச் சுவர்களிலும் கைபேசிக் குழுக்களிலும் காணப்படும் இவ்விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இலகு வாகன அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும், லொறிச் சாரதிகளைக் கட்டுப்படுத்தும், ஓட்ட நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்யும் டெக்கோகிராப் கருவியோ நேரக் கட்டுப்பாடோ வானுக்குக் கிடையாது, ஓடுகிற அளவுக்குச் சம்பாதிக்கலாம் என்பதே அக்கதை. சில ஆண்டுகள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மேற்கு நோக்கிப் பொருள் ஏற்றிய வான்களை ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன் என்ற வகையில், இக்கூற்றில் எது உண்மை, எது காலாவதியானது என்பதைத் தங்கள் பத்திரிகையின் வாயிலாக மலையக இளைஞர்களுக்கும், நகையை அடகு வைத்து அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

முகவர்கள் சொல்வது முழுப் பொய் அல்ல. அதனால்தான் அது எளிதில் எடுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாரதிகளின் ஓட்ட நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் வரையறுக்கும் 561/2006 இலக்க ஒழுங்குவிதி, சரக்கு வாகனங்களைப் பொறுத்தவரை, சுமையோடு சேர்த்து 3.5 தொன்னுக்கு மேற்பட்டவற்றை மட்டுமே நீண்ட காலம் கட்டுப்படுத்தி வந்தது. அந்த எல்லைக்குச் சற்றும் மேலே போகாத வான்களை வாங்கி, சாரதி ஆசனத்தின் கூரைக்கு மேல் ஒருவர் படுக்கும் அளவுக்கு ஒரு கூட்டைப் பொருத்தி, போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் லித்துவேனியாவிலிருந்தும் பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி என இரவு பகலாக ஓடவிடுகிற தொழில் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. லொறிச் சாரதி கட்டாயமாக வண்டியை நிறுத்த வேண்டிய நேரத்தில் வான் சாரதி ஓடிக்கொண்டிருப்பான் என்பதே அந்த வியாபாரத்தின் முதலீடு. அவசரச் சரக்குக்கு ஆலைகள் வானைத் தேடியதற்கும் இதுவே காரணம்.

இதைக் கண்டுகொண்ட ஒன்றியம் 2020 ஆம் ஆண்டில் போக்குவரத்துச் சட்டங்களை ஒருசேரத் திருத்தியது. அதன்படி 2022 மே 21 முதல், கூலிக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சரக்கு ஏற்றும் 2.5 தொன்னுக்கு மேற்பட்ட வான்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், லொறி நிறுவனங்களைப் போலவே ஒன்றியத்தின் போக்குவரத்து உரிமத்தைப் பெற்றாக வேண்டும். அதற்குத் தகுதிச் சான்று பெற்ற போக்குவரத்து முகாமையாளர் ஒருவர் இருக்க வேண்டும். முதல் வானுக்கு 1,800 யூரோவும் அடுத்தடுத்த ஒவ்வொரு வானுக்கும் 900 யூரோவும் என்ற அளவில் நிதி வசதியைக் காட்ட வேண்டும். அடுத்த கட்டமாக, 2026 ஜூலை 1 முதல் நாடு கடந்து கூலிக்கு ஓடும் இதே வான்களுக்கு இரண்டாம் தலைமுறை டெக்கோகிராப் கருவியும் லொறிக்குரிய ஓட்ட நேர விதிகளும் பொருந்தும் என்று சட்டம் வகுத்துள்ளது. ஆகவே இன்று ஒருவர் "வானுக்கு டெக்கோகிராப் இல்லை" என்று சொல்லி ஆள் சேர்த்தால், அவர் சட்டத்தை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அறிந்தும் மறைப்பவராக இருக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள் பொதி விநியோகம் செய்யும் வான்களுக்கும், தன் சொந்தப் பொருளைத் தானே கொண்டுசெல்லும், வண்டி ஓட்டுவதைப் பிரதான தொழிலாகக் கொள்ளாத மேசன், மின்னிணைப்பாளர் போன்றோரின் வான்களுக்கும் இந்த ஒன்றிய விதி பொருந்தாது என்பது உண்மைதான். அங்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சட்டம் உண்டு. ஜேர்மனியில் 2.8 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வான்களின் சாரதி, கருவி இல்லாவிட்டாலும் தன் ஓட்ட நேரத்தையும் ஓய்வையும் அன்றாடம் கைப்பட எழுதி வைத்திருக்க வேண்டும்.

அந்த நேர விதிகளைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். நாளொன்றுக்கு 9 மணித்தியாலம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அதை 10 மணித்தியாலமாக நீட்டலாம். வாரத்துக்கு 56 மணித்தியாலமும், அடுத்தடுத்த இரண்டு வாரங்களைச் சேர்த்து 90 மணித்தியாலமும் உச்ச எல்லை. நான்கரை மணித்தியாலம் ஓட்டியதும் 45 நிமிடம் இடைவேளை எடுத்தே ஆக வேண்டும். அதை முதலில் 15, பின்னர் 30 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாமே தவிர, 30ஐ முதலிலும் 15ஐப் பின்னரும் எடுத்தால் கணக்கில் சேராது. அன்றாட ஓய்வு 11 மணித்தியாலம்; இரு வாராந்த ஓய்வுகளுக்கு இடையில் மூன்று தடவை அது 9 ஆகக் குறையலாம். முழு வாராந்த ஓய்வு 45 மணித்தியாலம். இந்த 45 மணித்தியால ஓய்வை வாகனத்துக்குள் எடுக்கக்கூடாது என்பதும், வெளியே தங்கும் செலவு முழுவதையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்பதும் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. கூரைக்கு மேலிருக்கும் கூட்டில் மாதக்கணக்கில் படுக்கவைப்பது இதனால் வெளிப்படையான சட்டமீறலாகிறது. நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாவது சாரதி தன் வசிப்பிடத்துக்கோ, நிறுவனம் இயங்கும் நாட்டிலுள்ள அதன் நிலையத்துக்கோ திரும்பும்படி நிறுவனம் பயணங்களை ஒழுங்கு செய்ய வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. நம்மவருக்கு நடைமுறையில் அது நிறுவனத்தின் நிலையமாகவே இருக்கும். மாதமொருமுறை தலவாக்கலைக்கு விமானச்சீட்டு கிடைக்கும் என்று எவரும் கனவு காண வேண்டாம்.

நுவரெலியாவில் மாலையில் கரட்டும் லீக்ஸும் ஏற்றி, இரவோடிரவாகத் தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டு, அடுத்த நாளே மறு சுமைக்கு வந்து நிற்கும் நம்முடைய சாரதிகளுக்கு இந்த மணிக்கணக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். விழித்திருந்து ஓட்டுவதை நாம் திறமை என்று பழகிவிட்டோம். அங்கே அது திறமையாகக் கொள்ளப்படுவதில்லை. டெக்கோகிராப்பில் செருகும் அட்டை சாரதியின் பெயரில் வழங்கப்படுவது. வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரிக்கு அன்றைய நாளோடு அதற்கு முந்திய 56 நாட்களின் பதிவுகளையும் காட்ட வேண்டும். "இன்றைக்கு மட்டும் அட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டு", "நண்பனின் அட்டையைப் போட்டுக்கொள்" என்று தொலைபேசியில் சொல்லும் மேலாளர்கள் இருக்கிறார்கள். புதிய கருவி வாகனம் எல்லை கடக்கும் இடத்தைத் தானாகவே பதிவு செய்கிறது. வண்டியை நிறுத்தாமலே அதிலிருந்து சில தகவல்களை வீதியோரத்திலிருந்து அறிந்துகொள்ளும் வசதியும் அதிகாரிகளுக்கு உண்டு. ஏமாற்று அகப்பட்டால் அந்த இடத்தில் நிற்பவன் சாரதிதான், தொலைபேசியில் பேசியவர் அல்லர்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒரு பத்திரத்தைப் பற்றி இங்குள்ள முகவர்கள் வாய் திறப்பதே இல்லை. ஒன்றியத்தின் குடியுரிமையோ அங்கு நீண்டகால வதிவிட உரிமையோ இல்லாத ஒருவர் இத்தகைய சர்வதேசச் சரக்கு வாகனத்தை ஓட்டுவதானால், அவர் சட்டப்படி வேலைக்கு அமர்த்தப்பட்டவர் என்பதை உறுதிப்படுத்தும் சாரதிச் சான்று ஒன்றை, நிறுவனம் பதிவாகியுள்ள நாட்டின் அதிகாரசபை வழங்கியிருக்க வேண்டும். 1072/2009 இலக்க ஒழுங்குவிதி இதைக் கோருகிறது. ஐந்தாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு வழங்கப்படும் இச்சான்று நிறுவனத்தின் சொத்து. ஆயினும் அதன் மூலப்பிரதி சாரதியிடம் இருக்க வேண்டும், கேட்டவுடன் காட்டப்பட வேண்டும். உக்ரேனியரும் இந்தியரும் நேபாளியரும் இதை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். இலங்கையரான நமக்கும் இது இன்றியமையாதது. இது இல்லாமல் எல்லை தாண்டி ஓடும் இலங்கைச் சாரதி, வதிவிட அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தாலும், பத்திரம் இல்லாமல் ஓடுபவனே. ஆகவே வேலை தருவதாகச் சொல்பவரிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னரே, நிறுவனத்துக்கு ஒன்றியப் போக்குவரத்து உரிமம் உண்டா, எனக்குச் சாரதிச் சான்று எடுத்துத் தருவீர்களா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பதில் தெரியாமல் விழிப்பவரிடம் பணம் கட்டக்கூடாது. ஒரு நாட்டு நிறுவனத்துக்காகப் பெற்ற வேலை அனுமதியை வைத்துக்கொண்டு, "அங்கே போய் மாறிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையில் இன்னொரு நாட்டு நிறுவனத்தின் வண்டியில் ஏறுவது சட்டவிரோத வேலை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பற்றியும் தெளிவு தேவை. 3.5 தொன்னுக்கு மேற்படாத வானுக்கு அங்கும் ‘பி’ வகுப்புப் போதும். லொறிச் சாரதிகளுக்குரிய தொழிற்றகுதிப் பயிற்சியும் வேண்டியதில்லை. விளம்பரம் சொல்லும் உண்மை இந்த அளவோடு முடிகிறது. நம் நாட்டு அனுமதிப்பத்திரத்தையும் அதன் மொழிபெயர்ப்பாகவே பயன்படும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் வைத்து, அங்கு குடியேறிய பின்னர் காலவரையின்றி ஓட்ட முடியாது. ஜேர்மனியில் வதியத் தொடங்கி ஆறு மாதத்தில் நமது அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகாமல் போகும். அதற்குப் பின் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் காத்திருக்கின்றன. வேறு சில நாடுகளில் பரீட்சையின்றி மாற்றிக்கொள்ள முடியலாம். ஆனால் அவ்வாறு மாற்றப்பட்ட அட்டையில் 70 என்ற குறியீடு பதியப்படும். அது பதிந்த அட்டையோடு மற்றோர் ஒன்றிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தால், அந்த நாடு அதை ஏற்கக் கடமைப்பட்டதல்ல. எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டின் விதியைப் போவதற்கு முன்பே கேட்டறிவதுதான் முறை.

எடையில்தான் வான் சாரதிகள் அதிகம் மாட்டுகிறார்கள். 3.5 தொன் என்பது ஏற்றக்கூடிய சுமை அல்ல. வண்டி, எரிபொருள், சாரதி, கருவிப்பெட்டி, சரக்கு அனைத்தும் சேர்ந்த மொத்தம். ஸ்ப்ரின்டர், மாஸ்டர், டுகாட்டோ போன்ற நீண்ட வான்களில் வெறும் வண்டியே இரண்டு தொன்னைத் தாண்டிவிடும் என்பதால், சரக்குக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு தொன் சொச்சந்தான். பெட்டி உடலும் பின்பக்கத் தூக்கியும் பொருத்திய வண்டிக்கு அதுவும் மிஞ்சாது. வானின் உள்ளே எட்டுத் தட்டு (பலட்) சரக்குக்கு இடம் இருக்கிறது என்பதற்காக எட்டுத் தட்டையும் ஏற்றினால், எடைப் பாலத்தில் உண்மை வெளிப்படும். அதிக எடையை இறக்கிவைத்து இன்னொரு வண்டி வரும்வரை வீதியோரத்தில் காத்துக்கிடக்க நேரும். கொழுந்து லொறியின் பக்கப் பலகைக்கு மேல் சாக்குகளை அடுக்கிக் கயிற்றால் ஓர் இழுப்பு இழுத்துக் கட்டும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. சரக்கை இறுக்கிக் கட்டும் பட்டியின் மீதுள்ள நீல நிற அட்டையில் அதன் தாங்கும் வலு எழுதப்பட்டிருக்க வேண்டும். அட்டை கிழிந்த பட்டி பட்டியாகவே கணிக்கப்படாது. சரக்கு வழுக்காதிருக்க அடியில் விரிக்கும் இறப்பர் விரிப்பு பாதி வேலையைச் செய்துவிடும்.

சரக்கோடு வரும் சி.எம்.ஆர். என்ற சர்வதேசச் சரக்குப் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடக் கூடாது. 1956 இல் ஜெனிவாவில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் கீழ் எழுதப்படும் இப்பத்திரத்தின் மூன்று மூலப்பிரதிகளில் ஒன்று அனுப்புநரிடம் இருக்கும், ஒன்று சரக்கோடு போகும், ஒன்று ஏற்றிச்செல்பவரிடம் இருக்கும். பொதிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தாலோ, அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தாலோ, ஏற்றும்போதே அதைப் பத்திரத்தில் குறித்துவிட வேண்டும். குறிக்காவிட்டால் எல்லாம் நல்ல நிலையில் ஏற்றப்பட்டதாகவே கருதப்படும். இறக்குமிடத்தில் அழுது பயனில்லை. மொழி தெரியாவிட்டால் எண்ணிக்கையையாவது எழுதி, கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

வீதியைப் பற்றிச் சொன்னால், வலப்பக்கம் ஓட்டுவது சில நாளில் பழகிவிடும், பழகாதது முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே வழி, அவர் வருவது சின்னஞ்சிறு ஒழுங்கையாக இருந்தாலும் சரி. அதிவேக வீதியில் நெரிசல் ஏற்பட்டு வேகம் குறையும்போதே, இடது ஓரத் தடத்தில் உள்ளவர்கள் இடப்புறமும் ஏனையோர் அனைவரும் வலப்புறமும் ஒதுங்கி நடுவில் அம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும் என்பது ஜேர்மனியிலும் ஒஸ்ட்ரியாவிலும் சட்டம். சைரன் கேட்ட பிறகு ஒதுங்குவோம் என்று நின்றால் ஜேர்மனியில் குறைந்தது 200 யூரோ தண்டமும் ஒரு மாத ஓட்டத் தடையும் கிடைக்கும். மலைப்பாதையில் மட்டும் நம்மவர்கள் அங்குள்ளோருக்கு இளைத்தவர்கள் அல்லர். ரம்பொடை வளைவுகளிலும் கடுகண்ணாவை இறக்கத்திலும் பிரேக்கைச் சூடாக்காமல் கியரைக் குறைத்து இறங்கத் தெரிந்தவனுக்கு அல்ப்ஸ் மலை அந்நியமாகத் தோன்றாது. இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிடும் நமது வழக்கம் சுவிட்சர்லாந்தில் சட்டமாகவே உள்ளது. மஞ்சள் ஊதுகொம்பு வரைந்த நீலப் பலகை நிற்கும் பாதைகளில் தபால் பஸ்ஸின் சாரதி சொல்வதைக் கேட்டு ஒதுங்க வேண்டும்.

பனி வேறு விடயம். நுவரெலியாவில் புல்லின்மேல் படியும் உறைபனியைப் பார்த்ததோடு நின்றவர்களுக்கு, பாலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் நீரின் ஆபத்து விளங்காது. ஜேர்மனியில் பனிக்காலச் சூழலில் மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது. ஒஸ்ட்ரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை அத்தகைய சூழலில் குளிர்கால டயர் கட்டாயம். டயர் வாங்கிப் போட வேண்டியது நிறுவனம். போடாத வண்டியை எடுக்க மறுக்க வேண்டியது சாரதி.

வீதிக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். 3.5 தொன் வரையான வானுக்கு ஜேர்மனியின் அதிவேக வீதிகளில் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு 40 பிராங் செலுத்த வேண்டும். ஒஸ்ட்ரியா, ஹங்கேரி, செக் குடியரசு, ருமேனியா எங்கும் தனித்தனி அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். பிரான்சில் எடையோடு உயரத்தையும் பார்க்கிறார்கள். இரண்டு மீற்றரைத் தாண்டிய வான் காரைவிட அதிகம் கட்ட வேண்டியிருக்கும். மதுவைப் பொறுத்தவரை ஹங்கேரியிலும் செக் குடியரசிலும் ஸ்லோவாக்கியாவிலும் ருமேனியாவிலும் ஒரு துளிக்கும் இடமில்லை.

சம்பளத்தில் இரண்டு செய்திகள். வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்தை விளைவிக்கும் விதத்தில் ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய அளவுக்கோ ஏற்பப் பணம் கொடுப்பதை அந்த 561/2006 ஒழுங்குவிதியே தடுக்கிறது. ஆகவே கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று மட்டும் பேசும் ஒப்பந்தத்தைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இரண்டாவது, வேற்று நாட்டு நிறுவனத்தின் வண்டி ஒரு நாட்டுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் வேலையை, அங்கு கொண்டுவந்த சரக்கை இறக்கிய பின் ஏழு நாளில் மூன்று தடவைக்கு மேல் செய்யக்கூடாது. அந்த வேலை நடக்கும் நாட்களுக்கு அந்த நாட்டின் ஊதிய விதியே சாரதிக்குப் பொருந்தும். ருமேனியச் சம்பளத்தில் சேர்ந்தவர் பிரான்சுக்குள் ஏற்றி இறக்கினால், அந்நாட்களுக்குப் பிரெஞ்சு ஊதியம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இதைக் கேட்டுப் பெற்ற நம்மவர் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகமே.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் முகவர்களுக்கு உரிமம் வழங்குகிறது, போகிறவர்களைப் பதிவு செய்கிறது, 1989 என்ற இலக்கத்தில் முறைப்பாடுகளையும் கேட்கிறது. ஐரோப்பாவுக்குச் சாரதியாகச் செல்வோருக்கென, மேலே கூறிய ஓட்ட நேர விதிகளையும் சாரதிச் சான்றையும் எடைக் கணக்கையும் விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றைப் பணியகம் அச்சிட்டு, நுவரெலியா, பதுளை மாவட்டப் பிரதேச செயலகங்களில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ருமேனிய மொழியிலோ லித்துவேனிய மொழியிலோ எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் ஒருவருக்கு, அதன் தமிழ் மொழிபெயர்ப்பை விமானச்சீட்டுக்கு முன்பே கையில் கொடுக்கும்படி முகவர்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உள்ள சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள், ஒரு பழைய டெக்கோகிராப் கருவியையும் சில கட்டுப்பட்டிகளையும் வாங்கி வைத்து, புறப்படுகிறவர்களுக்கு ஓரிரு வாரப் பயிற்சியாவது நடத்த முன்வந்தால் அதற்கு வேண்டிய பாடக்குறிப்புகளை எழுதிக்கொடுக்க நான் ஆயத்தமாக உள்ளேன். தங்கள் அலுவலகத்தின் ஊடாக என்னைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரதி ஒருவர்,
தலவாக்கலை.